கண்டதோ, கேட்டதோ, தோன்றியதோ

நான் வேலை பார்த்த பெண்குழந்தைகள் இல்லத்தில் இப்போது குழந்தைகளிடம் பேசுவதற்கென்று தனி அறை கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் வண்ணச் சுவர், தரையில் பாய், மூலையில் ஒரு கேமரா. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் கவுன்சிலிங் பார்க்கும் பெண் போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். வழிதவறி வந்த குழந்தை தன் ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி ஆயிரம் சொல்லும், அதில் எது நிஜம், எது கற்பனை என்று அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, குழந்தைகளே கண்டுபிடித்தார்கள், அதற்கு வருஷங்கள் ஆகும் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் போன பிறகு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. சாந்தியின் நினைவாகவே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா கொச்சி கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தவர். மட்டாஞ்சேரியில்தான் பிறந்தேன், படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து அப்பா பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியது. அந்தத் தமிழ்தான் எனக்குச் சோறு போட்டது. ஆலுவாவிலும் எர்ணாகுளத்திலும் ரயில் நிலையங்களில் போலீஸ்காரர்கள் கண்டெடுக்கும் பிள்ளைகளில் பலர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களோடு பேச ஆள் வேண்டும் என்று மட்டாஞ்சேரியிலேயே இருந்த இல்லத்தில் கேட்டார்கள், போனேன். கலூரில் சில வாரம் பயிற்சி என்று உட்கார வைத்தார்கள். காய்ச்சலுக்கு என்ன செய்வது, பேன் எப்படி எடுப்பது, பதிவேட்டை எப்படி நிரப்புவது என்றெல்லாம் சொன்னார்கள். குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லவில்லை. அதை ஏலியாம்மா மேடத்திடம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மேடம் இல்லத்தின் சூப்பிரண்டு. நெடுநெடுவென்ற உருவம், எப்போதும் மெல்லிய கரை போட்ட பருத்திப் புடவை. புதிதாக ஒரு குழந்தை வந்தால் முதல் சில நாட்கள் அவர் எதுவும் கேட்க மாட்டார். எங்களையும் கேட்க விட மாட்டார். பொத்தான் அறுந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஒரு மணையில் உட்காருவார். குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு, டப்பாவில் இருக்கும் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துத் தரச் சொல்வார். அவர் தைத்துக்கொண்டே இருப்பார். அரை மணி நேரத்திலோ அடுத்த நாளிலோ குழந்தை தானாகப் பேசத் தொடங்கும். பேசியதை நான் மலையாளத்தில் மெதுவாகச் சொல்வேன். அவர் தலையை நிமிர்த்த மாட்டார்.

ஆரம்பத்தில் ஒரு முறை, "உங்க வீடு ஓடா, ஓலையா?" என்று ஒரு குழந்தையிடம் கேட்டுவிட்டேன். அது யோசிக்காமல் "ஓலை" என்றது. மேடம் ஊசியை நிறுத்தி, எனக்காக வைத்திருந்த பாதித் தமிழில் சொன்னார்:

"கேள்வியிலே உத்தரம் வைக்கண்டா, வசந்தா. நீ ரெண்டு குடுத்தா, அது ஒண்ணு எடுக்கும். அப்புறம் அது அதோட வீடாயிடும்." கேள்விக்குள்ளேயே பதிலை வைக்காதே என்று அர்த்தம்.

குழந்தை ஏதாவது சொன்னால் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கண்டதோ, கேட்டதோ, தோன்றியதோ? கண்ணால் பார்த்ததா, யாராவது சொன்னதா, உனக்கே மனசில் வந்ததா. நாலு வயசுக் குழந்தைக்கு மூன்றும் ஒன்றுதான். யானை எங்கள் வீட்டில் இருந்தது, கண்டது என்று அடித்துச் சொல்லும். மேடம் மறுக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். ஆனால் கேட்பதை நிறுத்தவும் மாட்டார்.

சனிக்கிழமை மதியங்களில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஒரு தட்டில் ஸ்பூன், சீப்பு, தீப்பெட்டி, வெங்காயம் என்று சில சாமான்களை வைத்துக் காட்டுவார். பிறகு துண்டு போட்டு மூடுவார். மற்ற இடங்களில் இதை ஞாபகசக்தி வளர்க்க விளையாடுவார்கள். மேடம் மூடியதும் முதலில் கேட்பது, "எத்தனை ஓர்ம வரும்?", எத்தனை ஞாபகம் வரும் என்பதைத்தான். சின்னஞ்சிறுசுகள் "எல்லாம்" என்று கத்தும். சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடும். அடுத்த சனிக்கிழமையும் "எல்லாம்" என்றே கத்தும். ஆறேழு வயசில் ஒரு நாள், துண்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தயங்கி, "ஒரு நாலு வரும்" என்று ஒரு குழந்தை சொல்லும். அன்றைக்கு மேடத்தின் முகம் மலர்ந்துவிடும். எத்தனை சாமான் ஞாபகம் வந்தது என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. அந்தத் தயக்கத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார்.

சாந்தி வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில். ஆலுவா நிலையத்தில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். ஐந்து வயசு இருக்கும். பேர் கேட்டால் "பாப்பா" என்றாள். ஊர் கேட்டால் "எங்கூரு" என்றாள். சாந்தி என்பது நாங்கள் வைத்த பேர். அவள் பேச்சிலிருந்து கேரளத்துத் தமிழ் இல்லை என்று தெரிந்ததே தவிர, எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அறிந்த தமிழ் மட்டாஞ்சேரித் தமிழ்தானே.

அவளுக்கு எல்லாம் தெரியும். எதைக் கேட்டாலும் கண்டதுதான். அவர்கள் வீட்டில் ஆடு உண்டு, ஊஞ்சல் உண்டு, கிணறு உண்டு, ரயில் போகும், அம்மா பெரிய பூ வைத்திருப்பாள். ஊஞ்சல் பக்கத்துப் படுக்கை ரசியாவின் வீட்டில் இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஒருத்தி தன் வீட்டைப் பற்றிச் சொன்னால் அடுத்த வாரம் அது இன்னொருத்தியின் வீட்டில் இருக்கும். இல்லத்துப் பிள்ளைகள் சீப்பையும் ரிப்பனையும் போல ஞாபகங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு என்பதை மட்டும் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவளைக் கொண்டுவந்த போலீஸ்காரரும் அதைத்தான் சொன்னார். தண்டவாளம் ஓடும் ஊர்களுக்கெல்லாம் அவள் படம் போனது. ஒரு பதிலும் வரவில்லை.

ஏழு வயசில் அவள் மாறினாள். மேடத்தின் கேள்வி அவளுக்குள் போய்விட்டது. "ஆடு கண்டதோ?" என்றால் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிப்பாள். "அறியில்ல" என்பாள், தெரியாது என்று. பூவா? அறியில்ல. அம்மா முகமா? அதற்கும் அறியில்ல. ஒரு நாள் தட்டு விளையாட்டில், "ஒண்ணும் ஓர்ம வராது" என்று சொல்லிவிட்டு, பிறகு தட்டில் இருந்த அத்தனையையும் வரிசையாகச் சொன்னாள். பொய்யோ மெய்யோ, ஒரு வீடு அவளிடம் இருந்தது. நாம் கேட்டுக் கேட்டு அதையும் பிடுங்கிவிட்டோமே என்று மேடத்திடம் சண்டைக்கே போனேன். "எனக்கும் பேடியுண்டு, வசந்தா" என்றார். பயமாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவளுக்கு ஒன்பது வயசு நடக்கும்போது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கோயில் கூட்டத்தில் மகளைத் தொலைத்தவர்கள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வயசு ஒத்துப்போனது. அந்தப் பிள்ளையையும் வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். எந்த வீட்டில்தான் கூப்பிடவில்லை. அவர்கள் கொண்டுவந்த போட்டோவில் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண் இருந்தாள். சாந்தி என்றால் சாந்தி, இல்லை என்றால் இல்லை. சாந்தியின் மோவாயில் இருந்த தழும்பைப் பார்த்ததும், அம்மிக்கல்லில் விழுந்தது இதுதான் என்று அந்த அம்மா அழுதாள். இப்போதென்றால் டி.என்.ஏ. பரிசோதனை செய்து சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு, பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் எங்கள் குழுவில் இருந்தவர்கள், பிள்ளை என்ன சொல்கிறது என்று பார்ப்போம், அதை வைத்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

அவர்களைச் சந்திக்க வேண்டிய காலையில் சாந்தி என்னிடம் சீப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "போட்டோல இருக்கற மாதிரிப் பின்னி விடுங்க அக்கா" என்றாள். நான் பின்னிவிட்டேன். இவள் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. சொல்லட்டுமே என்றும் தோன்றியது.

ஆபீஸ் அறையில் அந்த மனிதர் புதுப் பாவாடை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சாந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கேள்வி கேட்க வேண்டாம் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். பெற்ற மனசு கேட்குமா?

"பாப்பா, நம்ம வீட்டுக் கிளி ஞாவகம் இருக்கா? உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுமே."

சாந்தி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் ஒரு பச்சைக் கிளி தெரியுது" என்றாள். "ஆனா அது இப்ப வந்த கிளி."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நல்லா யோசிச்சுப் பாரு என்று கெஞ்சினாள். சாந்தி யோசித்தாள். நிஜமாகவே முயற்சி செய்தாள், எனக்குத் தெரியும். கடைசியில், "நீங்க எங்கம்மாவா இருந்தா நல்லாருக்கும். ஆனா எனக்கு ஓர்ம இல்ல" என்றாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. அவள் தலையைத் தடவி, பாவாடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். வரவழைத்து வைத்திருந்த சாயாவை இருவரும் தொடவில்லை. அவர்கள் மகள் பிறகு கிடைத்தாளா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குழந்தையைக் கண்டால் அவர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது.

அன்று மத்தியானம் சாந்தி என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "ஆமான்னு சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பாங்க, இல்லக்கா?" என்று கேட்டாள். போயிருப்பார்கள் என்றேன். நீ செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில நாள் கழித்து மேடம் பொத்தான் டப்பாவோடு வராந்தாவில் உட்கார்ந்தார். சாந்தி தானாகவே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே, பொத்தான்களைப் பிரித்தபடி சொல்லத் தொடங்கினாள். ஊஞ்சல் ரசியாவுடையது. கிணறு கதையில் வந்தது. ஆடு நிச்சயமில்லை. ரயில் என்பது போலீஸ் மாமா சொன்னது.

மேடத்தின் ஊசி நின்றது. அப்படியானால் போலீஸ் மாமாவிடம் நீ என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

"வீடு தட்டும்னு சொன்னேன். செவுத்துல கை வச்சா கைக்குள்ள தட்டும். எப்பவும் தட்டிட்டே இருக்கும். அதைத்தான் மாமா ரயில்னு சொல்லிட்டாங்க. கரண்ட் போனா நின்னுரும். அப்ப அம்மா வந்து என் பக்கத்துல உக்காரும்."

கண்டதோ என்று மேடம் கேட்டார். "கண்டது" என்றாள், நிமிர்ந்து பார்த்து. இரண்டு வருஷத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்தில் கேரளத்தில் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் போகும். மற்றக் குழந்தைகள் அலறும். சாந்தி மட்டும் துள்ளிக்கொண்டு ஓடிவந்து என் மேல் ஒட்டிக்கொண்டு உட்காருவாள். பயமில்லாத பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் யாருக்காகக் காத்திருந்து ஏமாந்தாள் என்று வராந்தாவில் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் தட்டும் வீடு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. மாவு மில்லாக இருக்கும், அச்சகமாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னோம். அப்படியே மாதங்கள் போயின. பிறகு என் சித்தி மகளின் நாத்தனார் கல்யாணத்துக்காக ஈரோட்டுக்குப் பக்கம் ஓர் ஊருக்குப் போனேன். அந்தப் பக்கம் நான் போவது அதுதான் முதல் தடவை. அவர்கள் தெருவுக்குள் நுழைந்ததுமே காது அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. சுவரில் சாய்ந்தேன், முதுகெல்லாம் அதிர்ந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காலை பதினோரு மணி இருக்கும், டம்ளரில் காப்பியோடு வாசலில் நிற்கும்போது கரண்ட் போயிற்று. தெரு முழுக்க ஒரே நொடியில் அமைதி. ஒவ்வொரு வாசலிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள், முடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசியோடு. படியில் உட்கார்ந்தார்கள். எங்கெங்கோ விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஓடிவந்து மடியில் விழுந்தன. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். கல்யாண வீட்டுக்கு வந்தவள் ஏன் அழுகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் சித்தி மகளின் கணவர் சாந்தியின் படத்தை வாங்கிக்கொண்டு தறிப்பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார். அவரிடம் படத்தைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்று மேடம் எனக்குக் கட்டளை போட்டிருந்தார். குழந்தை சொன்ன ஒரு வார்த்தைகூட வெளியே போகக் கூடாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், பக்கத்து ஊரில் ஒரு பெண் அந்தப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்க மறுத்தாளாம். புருஷன் சண்டை போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் போனவன், திரும்பி வரவில்லை. அவன் உறவுக்காரர்கள் இருந்த ஊரெல்லாம் அவள் தேடியிருக்கிறாள். கேரளம் அவள் நினைப்பிலேயே வரவில்லை.

அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தாள். மெலிந்த உருவம். கதவு நிலையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. வணக்கம் சொன்னதே அறை அதிரும்படி இருந்தது. உடனே கூச்சப்பட்டு, "தறியிலயே நின்னு சத்தமாத்தானுங்க பேச வருது" என்றாள்.

சாந்திக்கு அப்போது பத்து வயசு. அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு முறை இதைத் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். மேடம் யாரையும் பேச விடவில்லை, சாந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தி கேட்டாள்: "கரண்ட் போனா நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பதில் வருவதற்கு முன்பே அவள் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டது.

"காதுல வச்சிருக்கற பஞ்ச எடுப்பேன் கண்ணு. எடுத்து உன்ற கையில குடுப்பேன். நீ வாங்கி உன்ற காதுல வச்சுக்குவ."

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "பஞ்சு விஷயம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல அக்கா" என்றாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று அன்று சாயங்காலம் கேட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் திருப்பித் திருப்பி என்னிடமே சொல்வீர்கள், அப்புறம் அது யாருடையது என்று எனக்கே தெரியாமல் போய்விடும், அதனால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன் என்றாள். பத்து வயசுப் பிள்ளை.

அவள் நிஜப் பேர் பூங்கொடி. குழுவின் நடைமுறைகள் முடிந்து, அம்மாவோடு போகும்போது படகுத்துறை வரை நானும் போனேன். மேடம் வரவில்லை. திரும்பி வந்தபோது வராந்தாவில் தனியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார், தைத்த பொத்தானையே பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தார். சில வருஷங்களில் ஓய்வு பெற்றார். இப்போது இல்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் பூங்கொடி என் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு, வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். மலையாளம் ஏறக்குறைய மறந்துவிட்டது. மேடத்தைப் பற்றிக் கேட்டு அழுதாள். ரசியாவை விசாரித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், எனக்கென்று பிள்ளை இல்லை. இவ்வளவு காலமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். வந்த முதல் வருஷம் அவளுக்குக் கடும் காய்ச்சல். கொட்டுகிற மழையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நடு உப்பங்கழியில் அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மா என்று கூப்பிட்டாள்.

அவள் கண்ணை மூடி யோசித்தாள், சின்ன வயசில் யோசித்த மாதிரியே, உண்மையாக.

"எனக்கு அது ஞாபகம் இல்லீங்க அக்கா" என்றாள்.

பரவாயில்லை, சின்னக் குழந்தைதானே என்று சொல்லிவிட்டு, சாயா போட எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஞாபகம் இல்ல. ஆனா நீங்க சொன்னதா வச்சுக்கறேன்" என்றாள். மடியில் தூங்கிய குழந்தையைச் சரியாகக் கிடத்திக்கொண்டு, "முழுசாச் சொல்லுங்க. ரொம்ப நனைஞ்சுட்டமா? எந்தத் தோள்ல படுத்திருந்தேன்?" என்று கேட்டாள்.

இடது தோள் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.